சீருடை கிடைத்தது, பட்டை கிடைக்கவில்லை

அலபாமா மாநிலக் காவல்படையில் கறுப்பர்கள் சேர 1972ல் நீதிமன்றம் வழி செய்தது. அவர்கள் பதவியில் உயர்வதற்கு இன்னொரு வழக்கு தேவைப்பட்டது. அது முடிய 1987 ஆயிற்று.

மேஜர்கள் 6 பேர். அதில் கறுப்பர் ஒருவரும் இல்லை. கேப்டன்கள் 25 பேர், ஒருவரும் இல்லை. லெப்டினன்ட்டுகள் 35, சார்ஜன்ட்டுகள் 65. அங்கும் அதே கதை. கடைசிப் படியான கார்ப்பரல் பதவியில் இருந்த 66 பேரில் மட்டும் நான்கு கறுப்பர்கள். ஆக மொத்தம் 197 அதிகாரிகளுக்கு நான்கு பேர். அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள அலபாமா மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறை 1983 இறுதியில் இப்படித்தான் இருந்தது. மாநில மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பர். அந்தத் துறை கறுப்பர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்து அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பதினோரு ஆண்டு சீருடை அணிந்து நெடுஞ்சாலையில் நின்றவர்கள் ஏன் ஒரு படிகூட ஏற முடியவில்லை? தகுதி இல்லை என்றது துறை, தேர்வு மதிப்பெண்ணைப் பாருங்கள் என்றது. மதிப்பெண் இருக்கட்டும், தேர்வைக் காட்டுங்கள் என்றது நீதிமன்றம். போலீஸ் வேலையில் இனப் பாகுபாடு பற்றி அமெரிக்காவில் நடந்த நூற்றுக்கணக்கான வழக்குகளில் 'அமெரிக்க அரசு எதிர் பாரடைஸ்' என்ற இந்த வழக்கு தனி இடம் பெற்றிருப்பதற்குக் காரணம் இந்தக் கேள்விதான். வேலைக்குச் சேர்ப்பதில் காட்டப்படும் பாகுபாடு கண்ணுக்குத் தெரியும். பதவி உயர்வில் காட்டப்படும் பாகுபாடு கோப்புகளுக்குள்ளும் வினாத்தாள்களுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவர ஒரு நீதிமன்றத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அலபாமா ஒரு கணக்கு.

அமெரிக்காவில் நகரத்துக்கு ஒரு போலீஸ், மாவட்டத்துக்கு ஒரு ஷெரீப், அதற்கு மேல் மாநிலத்துக்கு ஒரு காவல்படை. அலபாமாவில் இந்த மாநிலப் படை 1935ல் நெடுஞ்சாலை ரோந்துக்காக உருவானது. இதன் காவலர்களுக்கு 'ட்ரூப்பர்' என்று பெயர். விபத்து, வேகக் கட்டுப்பாடு, ஓட்டுநர் உரிமம் என்று சாதுவான வேலைகளைச் செய்துவந்த இந்தப் படை, 1963ல் ஜார்ஜ் வாலஸ் ஆளுநரான பிறகு வேறு முகம் காட்டியது. (அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம்மூர் ராஜ்பவன்காரர் அல்ல, முதலமைச்சருக்குச் சமமான ஆள்.) இன ஒதுக்கலைக் காப்பாற்றுவதே தன் அரசியல் என்று பகிரங்கமாகச் சொன்னவர் வாலஸ். 1963 செப்டம்பரில் டஸ்கிகீ நகரப் பள்ளியில் கறுப்பு மாணவர்கள் சேர்வதைத் தடுக்க அவர் அனுப்பியது ட்ரூப்பர்களைத்தான். 1965 பிப்ரவரியில் மேரியன் என்ற ஊரில் வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தின்போது ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது கறுப்பு இளைஞரைச் சுட்டவரும் ஒரு ட்ரூப்பர்தான். அந்தச் சாவுக்காக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 45 ஆண்டுகள் கழித்து, 2010ல். தண்டனை ஆறு மாதச் சிறை.

ஜாக்சன் இறந்த சில நாட்களில், 1965 மார்ச் 7 அன்று, செல்மா நகரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் சுமார் 600 பேர் அமைதியாக நடந்து வந்தார்கள். எதிரே வரிசை கட்டி நின்ற ட்ரூப்பர்கள் தடிகளாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைச் சிதறடித்தார்கள். 'ரத்த ஞாயிறு' என்று வரலாற்றில் பதிந்துபோன நாள். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது அங்கேதான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கா அதிர்ந்தது. அன்று பாலத்தில் அடி வாங்கியவர்கள் கறுப்பர்கள், அடித்த ட்ரூப்பர்களில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. இருக்கவும் வழி இல்லை. அந்தப் படை அதுவரை ஒரு கறுப்பரையும் ட்ரூப்பராகச் சேர்த்ததே கிடையாது.

இந்த விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது 1972ல். கறுப்பர்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கம் மான்ட்கோமரியில் உள்ள மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மத்திய அரசும் வாதியாகச் சேர்ந்துகொண்டது. பாதிக்கப்பட்ட கறுப்பர்கள் சார்பில் சேர்ந்தவர் பிலிப் பாரடைஸ் என்பவர். வழக்குக்குப் பிற்காலத்தில் கிடைத்த பெயர் இவருடையது. விசாரித்த நீதிபதி ஃபிராங்க் ஜான்சன்.

ஜான்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலபாமாவின் வடக்கு மலைப் பகுதியில் பிறந்த வெள்ளையர், குடியரசுக் கட்சிக்காரர், 1955ல் ஐசனோவரால் நியமிக்கப்பட்டவர். மான்ட்கோமரி பஸ்களில் இன ஒதுக்கல் செல்லாது என்று 1956ல் தீர்ப்பளித்த மூவர் அமர்வில் ஒருவர். ரத்த ஞாயிறுக்குப் பிறகு செல்மா ஊர்வலத்தைத் தடை செய்ய முடியாது என்று உத்தரவிட்டவரும் இவரே. ஆளுநர் வாலஸும் இவரும் சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது வேடிக்கை. அந்த சிநேகிதம் நிலைக்கவில்லை. 1967ல் ஜான்சனின் தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. தாயார் தப்பினார். தீர்ப்புகளின் தொனி மாறவில்லை.

37 ஆண்டு வரலாற்றில் ஒரு கறுப்பு ட்ரூப்பர்கூட இல்லை, துறையில் கறுப்பர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தகுதித் தேர்வு தேவைப்படாத கூலி வேலை மட்டுமே என்று கண்டறிந்தார் ஜான்சன். சாட்சியம் தேட வேண்டிய வேலையே இல்லை, பூஜ்யமே சாட்சி. இனிமேல் பாகுபாடு காட்டாதீர்கள் என்று அறிவுரை கூறி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு வெள்ளையரைச் சேர்த்தால் ஒரு கறுப்பரைச் சேர்க்க வேண்டும், படையில் கறுப்பர் பங்கு ஏறத்தாழ 25 சதவீதம் ஆகும் வரை இது தொடர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இது அதிகப்படி என்று நினைப்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். மிசிசிப்பி நெடுஞ்சாலைப் படையிலும் கறுப்பர்களே இல்லை. அங்கேயும் வழக்கு நடந்தது. அங்கிருந்த நீதிபதி எண்ணிக்கை எதையும் விதிக்காமல், பாகுபாடு கூடாது என்று மட்டும் ஆணையிட்டார். அதற்குப் பிறகு சேர்க்கப்பட்டவர்களில் கறுப்பர்கள் பெயரளவுக்குத்தான். 1974ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்குகளையும் பார்த்தது. அலபாமா உத்தரவை உறுதி செய்தது. மிசிசிப்பியில் கொடுக்கப்பட்ட மருந்தின் வீரியம் போதாது என்று திருப்பி அனுப்பியது.

ஆனால் அலபாமா துறை உத்தரவைப் படித்த விதமே வேறு. ஒரு வெள்ளையருக்கு ஒரு கறுப்பர் என்றுதானே உத்தரவு? வெள்ளையரையே சேர்க்காவிட்டால்? ஆள் எடுப்பதைக் குறைத்து, படையின் அளவையே செயற்கையாகச் சுருக்கிக்கொண்டது துறை. நிவாரணத்தைத் தாமதப்படுத்தும் நோக்கத்துடனேயே இப்படிச் செய்யப்பட்டதாக ஜான்சன் தீர்ப்பில் எழுத வேண்டி வந்தது. வழக்கின் ஆவணங்களில் இதைவிட முக்கியமான பகுதி அடுத்து வருகிறது. சேர்ந்த கறுப்பர்களில் பலர் நிலைக்கவில்லை. ஏன் என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. தகுதிப் பட்டியலில் இருந்த சிறந்த கறுப்பர்களை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியில் ஓரவஞ்சனை, பயிற்சியிலும் தேர்விலும் வெள்ளையருக்குச் சலுகை. பணியில் சேர்ந்த பிறகு, ஒரே தவறுக்கு வெள்ளையருக்கு ஒரு தண்டனை, கறுப்பருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை.

அந்தக் கடைசி விஷயம் கவனிக்கத் தக்கது. தண்டனை யார் கொடுப்பது? கார்ப்பரலும் சார்ஜன்ட்டும் அதற்கு மேலுள்ளவர்களும். யாருக்கு இரவு ரோந்து, யாருக்கு எந்த ஊர், யாருடைய பணிப் பதிவேட்டில் என்ன குறிப்பு என்று தீர்மானிப்பவர்களும் அவர்களே. அந்தக் குறிப்புதான் பின்னால் பதவி உயர்வின்போது எடுத்துப் பார்க்கப்படும். மேலே ஒரே நிறம் இருக்கும் வரை கீழே எத்தனை பேரைச் சேர்த்தாலும் அவர்கள் விருந்தாளிகள்தான். எந்த நேரமும் வாசலைக் காட்டலாம்.

1977ல் வாதிகள் பதவி உயர்வுப் பிரச்னையை எடுத்துக்கொண்டு மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 1979 பிப்ரவரியில் சமரச உடன்பாடு ஏற்பட்டது. கார்ப்பரல் பதவிக்கு, கறுப்பர்களைப் பாதிக்காத நியாயமான ஒரு தேர்வு முறையை ஓராண்டுக்குள் உருவாக்குவதாகத் துறை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு சார்ஜன்ட், லெப்டினன்ட் என்று ஒவ்வொரு படிக்கும் அதே போன்ற முறை. கையெழுத்திட்ட மை காய்வதற்குள், அந்த ஆண்டே, துறை ஒரு 'விளக்கம்' கேட்டு வந்தது. 25 சதவீதம் என்பது கடைநிலை ட்ரூப்பர்களுக்கு மட்டும்தானே? ஜான்சன் ஒப்புக்கொள்ளவில்லை. கார்ப்பரலும் அதற்கு மேலும் 232 பேர் இருக்கிறார்கள், அதில் இன்னும் ஒரு கறுப்பர்கூட இல்லை என்பதை அவர் நினைவூட்டினார்.

ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டிய தேர்வு முறை இரண்டு ஆண்டு கழித்து, 1981 ஏப்ரலில் வந்தது. அது சரியானதுதானா என்று வாதிகள் சந்தேகப்பட்டார்கள். அதனால் ஆகஸ்டில் இரண்டாவது உடன்பாடு: தேர்வை நடத்துவோம், விளைவைப் பார்ப்போம், கறுப்பர்களை அது பாதித்தால் பயன்படுத்த மாட்டோம்.

தேர்வு எழுதியவர்கள் 262 பேர். அவர்களில் கறுப்பர்கள் 60. முடிவு வந்தபோது, பட்டியலின் மேல் பாதியில் இடம் பெற்ற கறுப்பர்கள் ஐந்தே பேர். அதிலும் முதலில் வந்தவருக்கு 80வது இடம். துறைக்கு உடனடியாகத் தேவை எட்டு முதல் பத்து கார்ப்பரல்கள், பட்டியல் காலாவதியாவதற்குள் அதிகபட்சம் 16 முதல் 20 பேருக்கு வாய்ப்பு. எண்பதாம் இடத்துக்காரரின் முறை எப்போது வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்க அரசு 1978ல் வெளியிட்ட வேலைத் தேர்வு விதிமுறைகளில் 'ஐந்தில் நான்கு' என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு பிரிவினர் தேறும் விகிதம், அதிகமாகத் தேறும் பிரிவினரின் விகிதத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே போனால் அந்தத் தேர்வைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அலபாமா எண்களை அதில் போட்டுப் பார்க்கலாம். மேல் பாதிக்கு வந்தவர்கள், 60 கறுப்பர்களில் 5 பேர். சுமார் 8 சதவீதம். மற்ற 202 பேரில் 126 பேர். சுமார் 62 சதவீதம். எட்டு, அறுபத்திரண்டில் எண்பது சதவீதம் அல்ல, பதின்மூன்று சதவீதம்.

இதனால் மட்டும் தேர்வு தவறானது என்று ஆகிவிடாது. சந்தேகம் வந்தால், கேள்விகளுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலாளி நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971ல் டியூக் மின் நிறுவன வழக்கில் வகுத்த வழி இது. நிலக்கரி அள்ளுவது போன்ற வேலைகளிலிருந்து மேலே போக விரும்பிய தொழிலாளிக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழும் அறிவுத்திறன் தேர்வும் எதற்கு என்ற கேள்விக்கு நிறுவனத்தால் பதில் சொல்ல முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்பது முக்கியமல்ல, விளைவு என்ன, அது வேலைக்குத் தேவையா என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம். அலபாமா துறையாலும் தன் தேர்வுக்கும் கார்ப்பரல் வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை நிலைநாட்ட முடியவில்லை.

இந்த இடத்தில் வெள்ளைக்காரக் காவலர்களின் கோணத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பொய்யான குறை அல்ல. நான்கு வெள்ளை ட்ரூப்பர்கள் வழக்கில் குறுக்கிட்டார்கள். 1935ல் நடந்ததற்கோ செல்மாவில் நடந்ததற்கோ தாங்கள் எப்படிப் பொறுப்பு? ராத்திரி கண் விழித்துப் படித்து, துறை வைத்த தேர்வை எழுதி, மேலே வந்திருக்கிறோம். நிர்வாகம் செய்த பாவத்துக்கு எங்கள் பட்டையைப் பிடுங்கிக் கொடுப்பது என்ன நியாயம்? அலபாமாவில் மட்டுமல்ல, எங்கு இந்தப் பிரச்னை எழுந்தாலும் கேட்கப்படும் கேள்வி இது. இந்தியாவில் இதைக் கேட்காத அரசு அலுவலகம் இருக்க முடியாது.

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று. தேர்வு முடிவு வந்தும் துறை பதவி உயர்வு எதையும் கொடுக்கவில்லை. முறையான தேர்வை ஒப்புக்கொண்டபடி 1980லேயே தயாரித்திருந்தால் வெள்ளையருக்கும் அப்போதே வழி பிறந்திருக்கும். நிர்வாகத்தின் இழுத்தடிப்பில் அவர்களும் பலிகடாக்கள். கோபம் மட்டும் பக்கத்தில் நின்ற கறுப்புக் காவலர் மீது போயிற்று.

இதற்குள் ஜான்சன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். வழக்கு மைரன் தாம்ப்சனிடம் வந்தது. 1980ல் ஜிம்மி கார்ட்டர் நியமித்த இளம் கறுப்பு நீதிபதி. 1963ல் ட்ரூப்பர்கள் பள்ளியை வளைத்து நின்ற அதே டஸ்கிகீயில் பிறந்தவர். 1983ல் அவர் துறையிடம் புதிய திட்டம் கேட்டார். 15 பேரைக் கார்ப்பரல் ஆக்குகிறோம், அதில் நான்கு பேர் கறுப்பர், நிரந்தரத் தேர்வு முறைக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்றது துறை. ஓராண்டு என்று வாக்குக் கொடுத்து நான்கரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1983 டிசம்பரில் தாம்ப்சன் உத்தரவிட்டார்: தகுதியுள்ள கறுப்பர்கள் இருக்கும் வரை, கார்ப்பரல் பதவி உயர்வில் பாதி அவர்களுக்கே. ஒழுங்கான தேர்வு முறையை என்றைக்குக் கொண்டுவருகிறீர்களோ அன்றைக்கு இது நின்றுவிடும்.

சாவியைத் துறையின் கையிலேயே கொடுத்த உத்தரவு என்பதுதான் இதன் சாமர்த்தியம். துறையும் புரிந்துகொண்டது. 1984 பிப்ரவரியில் எட்டுக் கறுப்பர்களும் எட்டு வெள்ளையர்களும் கார்ப்பரல் ஆனார்கள். சில மாதங்களில் புதிய தேர்வு முறை தயாரானது, நீதிமன்றமும் உத்தரவை நிறுத்திவைத்து அதை அனுமதித்தது. அஞ்சு வருஷமாக வராத முறை அஞ்சு மாதத்தில் வந்துவிட்டது. யாருமே ஓய்வு பெறவில்லை என்று வைத்துக்கொண்டால், பதினாறு பேரைச் சேர்த்த பிறகும் 82 கார்ப்பரல்களில் கறுப்பர்கள் 12 பேர். 15 சதவீதம்கூட இல்லை. இதற்குத்தான் நாடே அல்லோலகல்லோலப்பட்டது.

ஏனென்றால் அதற்குள் வாஷிங்டனில் ஆட்சி மாறியிருந்தது. 1972ல் கறுப்பர்கள் பக்கம் வாதாடிய மத்திய அரசு, ரொனால்ட் ரீகன் காலத்தில் அணி மாறி, தாம்ப்சனின் உத்தரவு அரசியல் சட்டத்தின் சம உரிமைப் பிரிவுக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கின் பெயரில் 'அமெரிக்க அரசு' முதலில் இருப்பதன் ரகசியம் இதுதான். 1987 பிப்ரவரி 25 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. உத்தரவு செல்லும்.

நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய முக்கியத் தீர்ப்பின் நியாயம் எளிமையானது. இது நிரந்தர ஒதுக்கீடு அல்ல, தற்காலிகமானது. தகுதியில்லாதவரை உயர்த்தச் சொல்லவில்லை. வெள்ளையர் யாரும் வேலை இழக்கவில்லை, பதவி உயர்வு சிலருக்குத் தள்ளிப்போகிறது. ஐம்பது சதவீதம் என்பது போய்ச் சேரும் இடமல்ல, வேகம். இலக்கு 25 சதவீதம்தான். இவ்வளவு காலம் ஏமாற்றிய ஒரு துறையிடம் மெதுவாகப் போங்கள் என்று சொல்ல முடியாது. எதிர்த்தவர்களில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரின் வாதம் ஒதுக்கித் தள்ளக் கூடியதல்ல. துறை உத்தரவை மீறினால் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் போடலாமே, தேர்வை வடிவமைக்க வெளியாள் ஒருவரை நியமிக்கலாமே, அதையெல்லாம் செய்து பார்க்காமல் ஏன் நிறத்தை எண்ண வேண்டும் என்று கேட்டார் அவர். அபராதம் யார் பணம்? அலபாமா மக்களின் வரிப்பணம், அதில் கறுப்பர்களின் பங்கும் உண்டு. ஆனால் வெளியாள் யோசனை மோசமானதல்ல. 1979லேயே அதைச் செய்திருந்தால் வழக்கே வளர்ந்திருக்காது.

இந்திய வாசகருக்கு இந்தச் சண்டை அன்னியமாகத் தோன்றாது. அதே சமயம் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. இங்கே ஒதுக்கீடு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பதவி உயர்வுக்கு அது பொருந்தாது என்று 1992ல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, 1995ல் 77வது திருத்தத்தின் மூலம் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் நாடாளுமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2006ல் நாகராஜ் வழக்கில் நீதிமன்றம், அந்தந்தப் பதவியில் போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டும் என்றது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு போலீஸ் துறையையும் தனித்தனியாக நீதிமன்றத்துக்கு இழுத்து, அது தவறு செய்தது என்று நிரூபித்து, அந்தத் தவறின் அளவுக்கு மட்டும் பரிகாரம் பெற வேண்டும். வழக்குப் போட ஆளில்லாத ஊரில் பரிகாரமும் இல்லை. வழக்குப் போட்ட ஊரிலும், அலபாமாவைப் போல, ஒரு தலைமுறையின் பணிக்காலமே கரைந்துவிடும். 1972ல் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு, 1987ல் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லும்போது நாற்பது வயது. சார்ஜன்ட், லெப்டினன்ட், கேப்டன் என்று ஒவ்வொரு படியிலும் சில ஆண்டுகள் காத்திருந்து ஏற வேண்டிய துறையில் நாற்பது வயது கார்ப்பரலின் கணக்கை யாரும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பாரடைஸ் தீர்ப்புக்குப் பிறகு காற்று திசை மாறிவிட்டது. 1991ல் நிறைவேறிய குடிமை உரிமைகள் சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. விளைவை வைத்துப் பாகுபாட்டை அளக்கும் டியூக் வழக்கின் வழியைச் சட்டமாக்கியது. ஆனால் இனத்தைப் பார்த்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைப்பதைத் தடை செய்தது. 2009ல் நியூ ஹேவன் நகரத் தீயணைப்புத் துறை வழக்கில் நிலைமை தலைகீழ். பதவி உயர்வுத் தேர்வில் கறுப்பர்கள் பின்தங்கியதால், வழக்கு வருமே என்று பயந்து நகர நிர்வாகமே முடிவை ரத்து செய்தது. வெள்ளை வீரர்கள் வழக்குப் போட்டார்கள். இம்முறையும் ஐந்துக்கு நான்கு, ஆனால் வென்றது வெள்ளையர். தேர்வு வைக்கும் துறைகள் இரண்டு பக்கமும் வழக்குக்குப் பயந்து நடக்க வேண்டிய நிலை.

அலபாமா ட்ரூப்பர் படை 2015ல் மாநிலத்தின் மற்றச் சட்ட அமலாக்கப் பிரிவுகளோடு சேர்த்து ஒரே அமைப்பாக்கப்பட்டது. மைரன் தாம்ப்சன் 2013ல் மூத்த நீதிபதி அந்தஸ்துக்கு மாறினார். ஃபிராங்க் ஜான்சன் 1999ல் காலமானார். மான்ட்கோமரி நீதிமன்றக் கட்டடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

தேர்வுகள் மீதான சர்ச்சை மட்டும் ஓயவில்லை. மேரிலாந்து மாநிலக் காவல்படையின் எழுத்துத் தேர்வு கறுப்பு விண்ணப்பதாரர்களையும், உடற்தகுதித் தேர்வு பெண்களையும், வேலைக்குத் தேவையில்லாத காரணங்களால் கழித்துக்கட்டியது என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் குற்றம் சாட்டியது. 27.5 லட்சம் டாலர் கொடுக்கவும் தேர்வுகளை மாற்றவும் 2024 அக்டோபரில் மாநிலம் உடன்பட்டது. அதே மாதத்தில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரப் போலீஸ் மீதும் இதே போன்ற வழக்கு தொடரப்பட்டது. ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் மீண்டும் அதிபரானார். 2025 பிப்ரவரி 26 அன்று, இந்த இரண்டு வழக்குகளையும் இரண்டு தீயணைப்புத் துறைகள் மீதான வழக்குகளையும் கைவிடுவதாக அமைச்சகம் அறிவித்தது. தகுதிக்கு மேல் நிறத்தை வைக்கும் வழக்குகள் இவை என்பது அது சொன்ன காரணம். ஏப்ரலில் வந்த அதிபர் ஆணை, விளைவை வைத்துப் பாகுபாட்டை அளக்கும் முறையையே மத்திய அரசுத் துறைகள் முடிந்த அளவு கைவிட வேண்டும் என்றது.

ரீகன் காலத்தில் அணி மாறிய அரசு, இம்முறை களத்தை விட்டே வெளியேறியிருக்கிறது. 1991ம் ஆண்டுச் சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால், 1972ல் என்.ஏ.ஏ.சி.பி. போனதைப் போல, தேர்வில் கழிக்கப்பட்டவர்களும் அவர்களுக்கு ஆதரவான சங்கங்களும் தங்கள் சொந்தச் செலவில்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.